கன்னிமாராவுக்குள் போவது எப்படி?

(மாவட்ட மைய நூலகம் ஒன்றில், நூலக வார விழாவின்போது வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நூலக வாரம் என்றால் புத்தகத்தின் பெருமையைப் பேசுவது வழக்கம். புத்தகம் நண்பன், புத்தகம் ஆசான், புத்தகம் விளக்கு என்று ஆண்டுதோறும் கேட்டுக் கேட்டு உங்களுக்கும் பழகிவிட்டது, எங்களுக்கும் பழகிவிட்டது. அதனால் இன்றைக்கு நான் புத்தகத்தைப் பற்றிப் பேசப் போவதில்லை. கதவைப் பற்றிப் பேசப் போகிறேன். ஒரு பெரிய நகரத்தின் பெரிய நூலகத்துக்குள், எந்தச் சிபாரிசும் இல்லாத ஒரு சாதாரண ஆள் எப்படிப் போவது, போய் என்ன கேட்பது, கேட்டால் என்ன கிடைக்கும்? அவ்வளவுதான் என் பொருள்.

ஒரு கேள்வி கேட்கிறேன். சென்னைக்குப் போகாதவர்கள் இந்த அரங்கில் உண்டா? இருக்க மாட்டீர்கள். ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பீர்கள். கல்யாணத்துக்குப் பட்டு எடுக்கப் போயிருப்பீர்கள். கோர்ட்டு வழக்குக்கு, இன்டர்வியூவுக்கு, மகனையோ மகளையோ ஹாஸ்டலில் சேர்க்கப் போயிருப்பீர்கள். ஊர் திரும்பும் ரயில் ராத்திரிதான் என்று எழும்பூர் நடைமேடையில் பெட்டியின் மேல் உட்கார்ந்து பொழுதைப் போக்கியிருப்பீர்கள். அந்த எழும்பூர் நிலையத்திலிருந்து நடந்தே போகிற தொலைவில், பாந்தியன் சாலையில், அருங்காட்சியக வளாகத்துக்குள் கன்னிமாரா நூலகம் இருக்கிறது. எத்தனை பேர் அதற்குள் போயிருக்கிறீர்கள்? கையைத் தூக்க வேண்டாம். எனக்குத் தெரியும்.

ஏன் போகவில்லை? நேரமில்லையா? ரயிலுக்கு நாலு மணி நேரம் இருந்ததே! படிக்கும் பழக்கம் இல்லையா? அப்படியானால் இந்தக் கூட்டத்துக்கு வந்திருக்க மாட்டீர்களே! உண்மைக் காரணம் வேறு. கட்டடத்தைப் பார்த்தால் கூச்சம் வருகிறது. நம்மை உள்ளே விடுவார்களா, விட்டாலும் என்ன வேண்டும் என்று கேட்டால் என்ன சொல்வது, இது பேராசிரியர்களும் ஆராய்ச்சியாளர்களும் வருகிற இடமாயிற்றே. இந்தத் தயக்கம்தான் வாசலிலேயே நம்மைத் திருப்பி அனுப்பிவிடுகிறது.

தோழர்களே, அந்தத் தயக்கத்தைப் போக்க ஒரு சங்கதி போதும். உங்கள் வீட்டுக்கு வருகிற சொத்துவரி ரசீதை எடுத்துப் பாருங்கள். அதில் நூலக வரி என்று ஒரு வரி இருக்கும். சொத்துவரியில் பத்து விழுக்காடு. நான் வாடகை வீட்டில் இருக்கிறேன், எனக்கேது வரி என்கிறீர்களா? வீட்டுக்காரர் அதைத் தம் கையிலிருந்தா கட்டுகிறார்? உங்கள் வாடகையிலிருந்துதான் கட்டுகிறார். நாடு விடுதலை பெற்ற மறு ஆண்டே, 1948-ல், அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோது, சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. 1950-ல் நடைமுறைக்கு வந்தது. அந்தச் சட்டத்தின் கீழ்தான் கன்னிமாரா மாநில மைய நூலகம் ஆனது. அதற்குப் பிறகு, நூலகம் என்பது யாரோ ஒரு தனவந்தர் மனமிரங்கித் திறந்து வைத்த அறச்சாலை அல்ல. நாம் காசு கொடுத்து நடத்துகிற நம் இடம். நம் இடத்துக்குள் போக நமக்கு என்ன கூச்சம்?

ஆனால் அது எப்போதும் நம் இடமாக இருந்ததில்லை. கதையைக் கொஞ்சம் பின்னால் போய்ப் பார்ப்போம்.

கிழக்கிந்தியக் கம்பெனி தன் அதிகாரிகளுக்குப் பயிற்சி கொடுக்க இங்கிலாந்தில் ஹெய்லிபரி என்ற இடத்தில் ஒரு கல்லூரி நடத்தி வந்தது. கம்பெனி ஆட்சி முடிந்தது, கல்லூரியும் மூடப்பட்டது. அங்கே மிஞ்சிப்போன புத்தகங்களைக் கப்பலில் ஏற்றி இந்தியாவுக்கு அனுப்பினார்கள். சென்னைக்கு வந்த பங்கு 1861-ல் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. நம் பெரிய நூலகத்தின் விதை இதுதான்: வேண்டாமென்று ஒதுக்கிய புத்தகம்! பிறகு அது வளர்ந்தது. 1890 மார்ச் 22-ஆம் நாள் ஆளுநர் கன்னிமாரா பிரபு புதுக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டினார். அந்த ஆண்டு முடிவதற்குள் அவர் பதவியை விட்டுப் போய்விட்டார். 1896 டிசம்பர் 5-ஆம் நாள் கட்டடம் திறக்கப்பட்டபோது ஆளுநராக இருந்தவர் ஹேவ்லாக். பெயர் மட்டும் அடிக்கல் நாட்டியவருக்கே நிலைத்துவிட்டது. மேடையில் இருக்கும் அரசியல் நண்பர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: திறப்பு விழாவைவிட அடிக்கல்லே மேல்.

வரைபடம் தந்தவர் ஹென்றி இர்வின். கட்டியவர் நம்பெருமாள் செட்டியார். சென்னை உயர் நீதிமன்றத்திலும் இந்த இருவர் கையும் உண்டு. பழைய கட்டடத்துக்குள் தலையை நிமிர்த்திப் பார்த்தால் வண்ணக் கண்ணாடி பதித்த ஜன்னல்கள், மரத்தில் நுணுக்கமான செதுக்கல்கள், வளைவு வளைவாக உயர்ந்து போகிற கூரை. அழகுதான், யார் இல்லையென்பது? ஆனால் அழகைப் பார்த்துவிட்டு, செல்போனில் படம் எடுத்துக்கொண்டு திரும்புவதற்கு அருங்காட்சியகமே பக்கத்தில் இருக்கிறது. நூலகத்தில் அன்றாட வாசகர்கள் புழங்குவது பின்னாளில் எழுந்த, பார்க்கச் சுமாரான புதுக் கட்டடங்களில். நான் உங்களை அனுப்புவதும் அங்கேதான்.

அங்கே போய் என்ன கேட்பது?

முதலில் இதைக் கேளுங்கள். உங்கள் ஊரில் யாராவது ஒரு புத்தகம் போட்டிருப்பார். இருப்பார், எனக்குச் சந்தேகமே இல்லை. தமிழாசிரியர் ஒருவர் தம் கவிதைகளைச் சொந்தச் செலவில் அச்சடித்திருப்பார். கோயில் தலவரலாறு ஒருவர் எழுதியிருப்பார். உங்கள் பாட்டனாரே எழுதியிருக்கலாம். வீட்டில் ஒரு படிகூட இல்லை, கரையான் தின்றுவிட்டது. அந்தப் புத்தகத்தைக் கன்னிமாராவில் போய்க் கேளுங்கள். ஏன் அங்கே இருக்கும் என்கிறேன்? 1954-ல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. இந்தியாவில் எந்தப் பதிப்பாளர் எந்த நூலை வெளியிட்டாலும், முப்பது நாளுக்குள், தம் செலவிலேயே, குறிப்பிட்ட நான்கு நூலகங்களுக்கு ஒவ்வொரு படி அனுப்பியாக வேண்டும். கல்கத்தாவில் ஒன்று, மும்பையில் ஒன்று, டில்லியில் ஒன்று, சென்னையில் கன்னிமாரா. பெரிய எழுத்தாளர் நூல் என்றால் அனுப்பு, சின்ன எழுத்தாளர் என்றால் வேண்டாம் என்று சட்டம் பிரித்துச் சொல்லவில்லை. நோபல் பரிசு வாங்கியவருக்கும் நம் ஊர்த் தமிழாசிரியருக்கும் அங்கே ஒரே அலமாரி வரிசை.

எல்லாப் பதிப்பாளர்களும் ஒழுங்காக அனுப்புகிறார்களா? அனுப்புவதில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன். சொந்தமாகப் புத்தகம் போடுகிற பலருக்கு இப்படி ஒரு சட்டம் இருப்பதே தெரியாது. இந்த அரங்கில் எழுத்தாளர்கள் யாராவது இருந்தால், தயவுசெய்து நாளைக்கே தபாலில் போடுங்கள். விமர்சகருக்கு அனுப்புகிற படியைவிட இந்தப் படி முக்கியம். விமர்சகர் படிக்காமலும் போகலாம். நூலகம் வைத்திருக்கும்.

ஒரு படி எங்கோ பத்திரமாக இருப்பது அவ்வளவு பெரிய காரியமா என்று கேட்பவர்களுக்கு யாழ்ப்பாணத்தைத்தான் பதிலாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. 1981 மே 31-ஆம் நாள் இரவு யாழ்ப்பாணம் பொது நூலகத்துக்குத் தீ வைத்தார்கள். ஏறக்குறைய 97,000 நூல்கள் போயின. அச்சில் வந்த நூல்களுக்கு வேறெங்காவது ஒரு படி இருக்கலாம், தேடிப் பிடிக்கலாம். ஓலைச்சுவடிக்கு எங்கே போவது? வேறு படியே இல்லாத ஏடுகள் அங்கே இருந்தன. கட்டடத்தை மறுபடி எழுப்பினார்கள், இன்று அது வெள்ளை வெளேரென்று நிற்கிறது. ஏடுகள் திரும்பவில்லை. அந்த நூலகத்தை அமைத்தபோது ஆலோசனை சொன்னவர்களில் ஒருவர் நம் சீர்காழிக்காரர், எஸ்.ஆர்.ரங்கநாதன்.

அவரைப் பற்றிச் சொல்லாமல் பெருநகர நூலகத்தைப் பற்றிப் பேச முடியாது. ஏனென்றால், ஒரு மனிதர் ஒரு பெரிய நகரத்தில் நூலகங்களுக்குள் நுழைந்து பார்த்ததால், இந்த நாட்டு நூலகங்களின் தலையெழுத்தே மாறியது.

ரங்கநாதன் கணக்கு வாத்தியார். மாநிலக் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். 1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் போனார். போன சில நாளிலேயே சலித்துவிட்டது. வகுப்பு நிறையப் பிள்ளைகளோடு இருந்தவருக்கு, ஆளில்லாத அறையில் புத்தகங்களுக்குக் காவல் இருப்பது பிடிக்குமா? என்னைத் திரும்பக் கல்லூரிக்கே எடுத்துக்கொள்ளுங்கள் என்று பழைய முதல்வரிடம் போய் நின்றார். லண்டனுக்குப் படிக்கப் போகப் போகிறீர்களே, போய்விட்டு வாருங்கள், திரும்பி வந்தும் பிடிக்கவில்லை என்றால் பார்க்கலாம் என்று அவர் சமாதானம் சொல்லி அனுப்பினார்.

லண்டனில் அவர் என்ன செய்தார்? பாடத்தை மட்டும் படித்துவிட்டுத் திரும்பவில்லை. நூலகம் நூலகமாக ஏறி இறங்கினார். அங்கே அவர் பார்த்தது என்ன? பிள்ளைகள் வருகிறார்கள், வீட்டுப் பெண்கள் வருகிறார்கள், தொழிலாளி வேலை முடிந்து வருகிறான், புத்தகம் வீட்டுக்குப் போகிறது, திரும்பி வருகிறது. சென்னையில் அவர் விட்டு வந்தது பூட்டின அலமாரி. அங்கே பார்த்தது நடமாடுகிற புத்தகம். லண்டனில் ஒரு பெரிய கடையில் மெக்கானோ என்ற விளையாட்டுச் சாமானையும் பார்த்தார். அதே இரும்புத் துண்டுகளை மாற்றி மாற்றிப் பூட்டி விதவிதமான பொம்மை செய்கிறார்கள். அறிவையும் இப்படித் துண்டு துண்டாகப் பிரித்துச் சேர்த்து எண் கொடுக்கலாமே என்று அவருக்குத் தோன்றியது. கோலன் பகுப்பு முறை அப்படிப் பிறந்தது. 1933-ல் அதை அச்சிட்டார். அதற்கு இரண்டு ஆண்டு முன்பே நூலக இயலின் ஐந்து விதிகளை வெளியிட்டிருந்தார். பூட்டி வைப்பதற்கு அல்ல, பயன்படுத்துவதற்கே நூல் என்பது அந்த விதிகளில் முதலாவதன் சாரம். இன்று நமக்கு இது சாதாரணமாகப் படுகிறது. அன்றைக்கு அது கலகம்.

லண்டன் சென்னைக்கு வந்தது. சென்னையோடு நின்றதா? 1931-ல் மன்னார்குடியில் கனகசபைப் பிள்ளை என்றொருவர் மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றி ஊர் ஊராக அனுப்பினார். அந்த நடமாடும் நூலகத்தைத் தொடங்கி வைத்தவர் ரங்கநாதன். கன்னிமாராவின் வண்ணக் கண்ணாடியையும் மன்னார்குடி மாட்டு வண்டியையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி எது பெரிய நூலகம் என்று என்னைக் கேட்டால், நான் வண்டிக்குத்தான் ஓட்டுப் போடுவேன். நூலகத்துக்கு வர முடியாதவனைத் தேடிப் போனது அதுதானே!

சரி, உள்ளே போய்விட்டோம். லட்சக்கணக்கான புத்தகங்களுக்கு நடுவே நிற்கிறோம். வேண்டியது எங்கே இருக்கிறது?

புத்தகத்தின் முதுகைப் பாருங்கள். ஒரு எண் ஒட்டியிருக்கும். நம் பெரிய நூலகங்கள் பலவற்றில் புழங்குவது மெல்வில் டூயி என்ற அமெரிக்கர் 1876-ல் வெளியிட்ட தசமப் பகுப்பு. ரங்கநாதன் நம் ஊர்க்காரர், ஆனாலும் உலகில் அதிகம் ஓடுவது டூயிதான், என்ன செய்வது! அந்த முறையில் 500 என்று தொடங்கினால் அறிவியல். 510 கணக்கு. 954 இந்திய வரலாறு, அதற்குப் பின்னால் புள்ளி வைத்து 82 என்றால் தமிழ்நாடு. 641.5 சமையல். தமிழ் இலக்கியத்துக்கு 894.811. பிள்ளைகளே, இந்த ஒரு எண்ணை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். எட்டு, ஒன்பது, நாலு, புள்ளி, எட்டு, ஒன்று, ஒன்று. இந்த முறையைப் பின்பற்றுகிற நூலகம் டோக்கியோவில் இருந்தாலும் டொரண்டோவில் இருந்தாலும், தமிழ் இலக்கியம் அங்கே இருந்தால், இந்த எண்ணின் கீழ்தான் இருக்கும். மொழி தெரியாத ஊரிலும் உங்களைக் கம்பனிடம் கொண்டு போய் விடுகிற விலாசம் இது.

கணினியில் தேடி எண்ணைக் குறித்துக்கொண்டு அலமாரிக்குப் போனால், நீங்கள் தேடிய நூலுக்கு இருபுறமும் நீங்கள் தேடாத நூல்கள் இருக்கும். அவசரப்படாமல் அவற்றையும் பிரித்துப் பாருங்கள். கூகுள் நீங்கள் கேட்டதைத் தரும். அலமாரி கேட்கத் தெரியாததையும் தரும். அப்படியும் கிடைக்கவில்லையா? நூலகரிடம் கேளுங்கள். தலைப்பு நினைவில்லையா? கேளுங்கள். அட்டை பச்சை நிறம், ஆசிரியர் பெயர் மறந்துவிட்டது என்றாலும் கேளுங்கள். நம் ஆட்கள் மளிகைக் கடையில் பத்துத் தடவை கேட்பார்கள், நூலகத்தில் ஒரு தடவை கேட்கக் கூச்சப்படுவார்கள்.

இன்னொரு காட்சியையும் அங்கே பார்ப்பீர்கள். நூலகம் நிரம்பி வழியும். உட்கார இடமிருக்காது. உட்கார்ந்திருப்பவர்களில் முக்கால்வாசிப் பேர் இளைஞர்கள், கையில் போட்டித் தேர்வுக் கையேடு. குரூப் ஃபோர், குரூப் டூ, வங்கித் தேர்வு, ரயில்வே. இதைப் பார்த்து நம் இலக்கிய அன்பர்கள் பெருமூச்சு விடுவார்கள். நூலகம் டுட்டோரியல் ஆகிவிட்டதே என்பார்கள். எனக்கு அந்தப் பெருமூச்சில் கொஞ்சமும் சம்மதம் இல்லை. பத்துக்குப் பத்து அறையில் நாலு பேர் தங்கியிருக்கிற பிள்ளைக்கு, மின்விசிறியும் மேசையும் அமைதியும் காசில்லாமல் கிடைக்கிற இடம் வேறு எது? சொல்லுங்கள், வேறு எது?

அதோடு ஒரு கணக்கும் உண்டு. கும்பகோணத்தில் ஒரு பையன், பதினாறு வயது. அரசுக் கல்லூரி நூலகத்திலிருந்து ஒரு புத்தகம் அவன் கைக்கு வந்தது. கார் என்ற ஆங்கிலேயர் தொகுத்த கணிதச் சூத்திரத் திரட்டு. அது ஒன்றும் மகத்தான நூல் இல்லை. கேம்பிரிட்ஜ் தேர்வுக்குப் படிக்கிறவர்களுக்கு டியூஷன் எடுத்துக்கொண்டிருந்த ஒருவர் போட்ட தேர்வுக் கையேடு, அவ்வளவுதான். ஆயிரக்கணக்கில் சூத்திரங்கள், விளக்கம் சொற்பம். விளக்கம் இல்லாததாலேயே ஒவ்வொன்றையும் தானே நிறுவிப் பார்க்க உட்கார்ந்தான் பையன். அவன் பெயர் ராமானுஜன். தேர்வுக் கையேட்டிலிருந்து எது முளைக்கும் என்று யார் கண்டது? இடையில் ஒரு செய்தி: 1920-ல் ராமானுஜன் கண்மூடியது சேத்துப்பட்டில், கன்னிமாராவைக் கட்டிய அதே நம்பெருமாள் செட்டியாருக்குச் சொந்தமான வீட்டில். பின்னாளில் ராமானுஜனைப் பற்றிச் செய்திகளைத் தேடித் திரட்டி ஒரு நூலே எழுதியவர் நம் ரங்கநாதன்.

சொந்தப் புத்தகத்தைக் கொண்டுவந்து படிப்பதற்கென்றே இடம் ஒதுக்கிய நூலகமும் சென்னையில் இருக்கிறது. கோட்டூர்புரத்தில், எட்டு ஏக்கர் நிலத்தில், ஒன்பது தளங்களில் நிற்கிற அண்ணா நூற்றாண்டு நூலகம். 2010 செப்டம்பர் 15-ல் திறந்தார்கள். கண் தெரியாதவர்களுக்குப் பிரெய்ல் பிரிவைத் தரைத்தளத்திலேயே வைத்தார்கள், படியேற வேண்டாம் என்று. குழந்தைகள் பிரிவில் செயற்கையாக ஒரு பெரிய மரமே நிற்கிறது, அதனடியில் உட்கார்ந்து படிக்கலாம். திறந்து பதினான்கு மாதம்கூட ஆகவில்லை, 2011 நவம்பரில் இதைக் குழந்தைகள் மருத்துவமனையாக மாற்றப் போகிறோம் என்று அரசு அறிவித்தது. குழந்தைகளுக்கு மருத்துவமனை வேண்டாமென்று யார் சொல்வார்கள்? ஆனால் அதற்கு நூலகத்தையா கேட்பது? வாசகர்கள் எழுந்தார்கள், எழுத்தாளர்கள் எழுந்தார்கள், வழக்குப் போட்டார்கள். உயர் நீதிமன்றம் தடை விதித்தது. நூலகம் நிலைத்தது. இன்று மதுரையிலும் 2023 ஜூலையிலிருந்து கலைஞர் நூற்றாண்டு நூலகம் இயங்குகிறது. தென்மாவட்டக்காரர்களுக்கு இனி ரயில் சாக்கும் இல்லை.

குறைகள் இல்லையா? நிறைய உண்டு. உள்ளாட்சிகள் நம்மிடம் வசூலித்த நூலக வரி முழுதாக நூலகத்துக்குப் போய்ச் சேராமல் பல ஆண்டுகள் நிலுவையில் நிற்பது ஊரறிந்த செய்தி. ஓய்வு பெற்ற நூலகர் இடத்தில் ஆள் போடுவதில்லை. ஒரு நூலகர் இரண்டு மூன்று நூலகத்தைப் பார்க்கிறார். புதுப் புத்தகம் வரவில்லை என்று வாசகர் வருவதில்லை, வாசகர் வரவில்லை என்று புதுப் புத்தகம் வருவதில்லை. இந்தச் சுழலை யார் முதலில் அறுப்பது? அரசு அறுக்கட்டும் என்று காத்திருக்கலாம். ஆனால் ஒன்றை யோசியுங்கள். ஆள் நடமாட்டம் இல்லாத நூலகத்தை மூடினால் யாரும் கேட்க மாட்டார்கள். கோட்டூர்புரம் பிழைத்தது, அதற்கு வாசகர்கள் இருந்ததால்.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். அடுத்த முறை எழும்பூரில் இறங்கினால், ரயிலுக்கு நேரம் இருந்தால், பாந்தியன் சாலைக்கு நடங்கள். பையை வாசலில் கொடுத்துவிட்டு உள்ளே போங்கள். உங்கள் ஊர் எழுத்தாளர் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். புத்தகம் இருந்தால் எடுத்துப் படியுங்கள். இல்லையென்றால் ஊருக்கு வந்து, அவரிடமோ அவர் வீட்டாரிடமோ ஒரு படி வாங்கி அனுப்பி வையுங்கள்.

சென்னைக்குப் போக இன்னும் நாளாகும் என்பவர்களுக்கு, இந்த அரங்கின் வாசலில் மேசை போட்டு உறுப்பினர் படிவம் வைத்திருக்கிறார்கள். பள்ளிப் பிள்ளைகள் அப்பா அம்மாவிடம் கையெழுத்து வாங்கி வரலாம். பெரியவர்கள் இப்போதே பூர்த்தி செய்து கொடுத்துவிட்டுப் போங்கள்.